பேற்றறையில் இரு கோடுகள்



ஃபேரர் பார்க் வட்டாரத்தில் கூடியிருக்கிறோம். இங்கிருந்து சிராங்கூன் சாலை வழியே தேக்கா வரை நடந்து, புக்கிட் தீமா சாலையைக் கடந்தால் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையை அடையலாம். கேகே என்னும் ஈரெழுத்தின் விரிவு கண்டாங் கெர்பாவ் என்பதாகும். மலாய் மொழியில் அதற்கு எருமைத் தொழுவம் என்று பொருள். மாடுகளும் எருமைகளும் கட்டப்பட்டிருந்த இடத்தின் பெயரை மருத்துவமனை ஏற்றுக்கொண்டது. அருகிலுள்ள பஃபலோ சாலையும் கெர்பாவ் சாலையும் அதே வரலாற்றை இன்றும் நினைவூட்டுகின்றன.

1924ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளில் அம்மருத்துவமனை மகப்பேற்றுக்கென்றே திறக்கப்பட்டது. நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1966இல், அங்கு 39,835 குழந்தைகள் பிறந்தன. ஓராண்டில் ஒரே மகப்பேற்று மனையில் நிகழ்ந்த மிகுதியான பிறப்புகள் என்று கின்னஸ் நூலில் அந்த எண் இடம்பெற்றது. நாளொன்றுக்கு நூற்றொன்பது குழந்தைகள். அதாவது ஏறத்தாழப் பதின்மூன்று நிமிடங்களுக்கு ஒரு குழந்தை. இன்று அம்மருத்துவமனை சாலையின் மறுபுறத்தில் 1997இல் எழுந்த கட்டடத்தில் இயங்குகிறது. பழைய கட்டடங்கள் நின்ற ஹேம்ஷயர் சாலையில் இப்போது நிலப் போக்குவரத்து ஆணையம் அமைந்துள்ளது. இந்த அவையில் இருப்போருள் பலருடைய முதல் அழுகுரல் அந்தப் பழைய கட்டடங்களில்தான் ஒலித்திருக்கும்.

அந்த அழுகுரல் எழுவதற்கு முந்திய சில மணி நேரத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். பேறுகால வலி தொடங்கியது முதல் குழந்தை வெளிவரும் வரை, உள்ளிருக்கும் குழந்தை நலமாயிருக்கிறதா என்பதை எவ்வாறு அறிகிறோம்? குழந்தையின் இதயத் துடிப்பையும் கருப்பையின் சுருக்கத்தையும் கண்காணித்து அறிகிறோம். இது மருத்துவர்க்கு உரிய பொருளாயிற்றே, மொழி மன்றத்துக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அக்கேள்விக்கு உரையின் பிற்பகுதியில் விடை கூறுவேன்.

காதும் கொம்பும்

பிரான்சு நாட்டு மருத்துவர் லென்னெக் 1816இல் இதயமானியை உருவாக்கினார். சில ஆண்டுகளுக்குள், 1818இல் ஜெனீவா நகரத்தவரான மேயர் என்னும் அறுவை மருத்துவர், தாயின் வயிற்றில் காதை வைத்துக் குழந்தையின் இதய ஒலியைக் கேட்கலாம் என்று அறிவித்தார். அதனைத் தொடர்ந்து கெர்கராடெக் என்னும் பிரெஞ்சு மருத்துவர், கருப்பை நீரின் சலசலப்பைக் கேட்கலாமோ என்னும் ஆவலில் கருவுற்ற பெண்ணின் வயிற்றில் இதயமானியை வைத்தார். நீரோசைக்கு மாறாகக் கைக்கடிகாரத்தின் ஓசை போன்ற விரைந்த துடிப்பொன்றை அவர் கேட்டார். அதுவரை கருவிலிருக்கும் குழந்தை உயிருடன் உள்ளதா என்பதை அறிய, தாய் உணரும் அசைவையே நம்பியிருந்தனர். அன்றுமுதல் குழந்தை தன் நிலையைத் தானே சொல்லத் தொடங்கியது எனலாம்.

அந்நூற்றாண்டின் இறுதியில், 1895இல், பினார் என்பவர் ஒரு சிறு கொம்பை வடிவமைத்தார். மரத்தாலோ உலோகத்தாலோ ஆன அந்தக் குழலின் அகன்ற வாயைத் தாயின் வயிற்றில் பொருத்தி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்க வேண்டும். மின்சாரம் வேண்டா, மின்கலம் வேண்டா. உலகின் பல பகுதிகளில் மருத்துவச்சியர் கையில் அக்கொம்பு இன்றும் உள்ளது.

கண்டாங் கெர்பாவில் 39,835 குழந்தைகள் பிறந்த 1966ஆம் ஆண்டையும் இவ்விடத்தில் எண்ணிப் பாருங்கள். துடிப்பையும் சுருக்கத்தையும் தாளில் வரையும் கருவி விற்பனைக்கு வந்ததே 1968ஆம் ஆண்டை ஒட்டித்தான். ஆகவே அத்தனை குழந்தைகளுக்கும் காவலாக நின்றவை தாதியரின் காதும் கையும். காது குழந்தையின் துடிப்பை எண்ணியது. வயிற்றின் மேல் வைத்த கை கருப்பையின் இறுக்கத்தை அளந்தது. ஒன்றைக் கேட்டு மற்றதை விட்டுவிட்டால் செய்தி முழுமை பெறாது என்பதை அத்தாதியர் அறிந்திருந்தனர். அது ஏன் என்பதை முதலில் விளக்குகிறேன்.

முத்துக் குளிப்பவரின் மூச்சு

கருவிலிருக்கும் குழந்தை தன் நுரையீரலால் மூச்சுவிடுவதில்லை. நஞ்சுக்கொடி வழியே தாயின் குருதியிலிருந்து ஆக்சிஜனைப் பெறுகிறது. பேறுகாலத்தில் கருப்பைத் தசை சுருங்கும்போது, அத்தசையின் ஊடே செல்லும் குருதிக் குழாய்கள் நெரிபடுகின்றன. நஞ்சுக்கு வரும் குருதி குறைகிறது. வலுவான சுருக்கத்தின் உச்சத்தில் சற்று நேரம் நின்றேபோகிறது. சுருக்கம் தளர்ந்ததும் குருதி மீண்டும் பாய்கிறது.

மன்னார்க் கடலில் முத்துக் குளித்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். மூச்சை அடக்கி மூழ்குவர். சிப்பி அள்ளி மேலே வருவர். மூச்சு வாங்கி இளைப்பாறிய பின்னரே மறுபடி மூழ்குவர். ஒவ்வொரு மூழ்குதலும் அவரைக் கொல்வதில்லை. இரண்டு மூழ்குதலுக்கு இடையில் போதிய மூச்சு வாங்காவிட்டால்தான் ஆபத்து. குழந்தைக்கும் அவ்வாறே. ஒவ்வொரு சுருக்கமும் ஒரு மூழ்குதல். நலமான குழந்தை அதைத் தாங்கும் இருப்போடுதான் பேற்றுக்கு வருகிறது. இருப்புக் குறைந்த குழந்தை, வளர்ச்சி குன்றிய குழந்தை, கொடி நெரிபடும் குழந்தை ஆகியவை அதைத் தாங்கா.

நன்கு நடக்கும் பேறுகாலத்தில் பத்து நிமிடங்களுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருக்கங்கள் ஏற்படலாம். ஐந்துக்கு மேற்பட்டு, அந்த நிலை நீடித்தால் அது மிகை. வலியைத் தூண்டுவதற்காகத் தரப்படும் ஆக்சிடோசின் மருந்து அளவுக்கு மீறும்போது இம்மிகை நேர்வதுண்டு. அப்போது நலமாயிருந்த குழந்தையும் மூச்சு வாங்க நேரமின்றித் தவிக்கிறது. மருந்தைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ பெரும்பாலும் நிலைமை சீராகும். ஆனால் சுருக்கங்களை ஒருவர் எண்ணியிருந்தால்தான் அந்த முடிவை எடுக்க முடியும்.

மேற்கோடும் கீழ்க்கோடும்

இவ்விரண்டையும் தாளில் வரைந்து காணும் முயற்சி இரு திசைகளில் வளர்ந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஹான் என்னும் மருத்துவர், குழந்தையின் இதயத் துடிப்பை மின்னணு முறையில் தொடர்ந்து பதியும் வழியை 1958இல் வெளியிட்டார். தென் அமெரிக்காவில் உருகுவே நாட்டின் தலைநகரான மான்டிவீடியோவில், கால்டெய்ரோ பார்சியாவும் அல்வரேசும் கருப்பைக்குள் எழும் அழுத்தத்தை அளந்தனர். சுருக்கத்தின் வலுவை அளக்கும் அலகுக்கு இன்றும் அந்நகரத்தின் பெயரே வழங்குகிறது. இவ்விரு வழிகளும் ஒரே தாளில் சந்தித்தபோது பிறந்ததுதான் சி.டி.ஜி. என்று நாம் சுருக்கமாக அழைக்கும் பதிவு.

அத்தாளில் இரு கோடுகள் உள்ளன. மேற்கோடு குழந்தையின் துடிப்பு. கீழ்க்கோடு கருப்பையின் இறுக்கம். தாயின் வயிற்றில் கட்டப்படும் இரண்டு பட்டைகளுள் ஒன்று ஒலியலைகளால் துடிப்பை அறிகிறது; மற்றொன்று வயிறு இறுகுவதை உணர்கிறது.

மேற்கோட்டைப் படிப்பவர் நான்கு செய்திகளைப் பார்க்கிறார். முதலாவது, துடிப்பின் அடிப்படை வேகம். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருப்பது இயல்பு. இரண்டாவது, அக்கோட்டின் சிற்றலைவு. கோடு நேராக ஓடுவதில்லை; 5 முதல் 25 துடிப்பு வரை மேலும் கீழுமாகச் சிறிது நடுங்கிக்கொண்டே ஓடுகிறது. அந்நடுக்கம் குழந்தையின் நரம்பு மண்டலம் விழிப்புடன் இருப்பதன் அடையாளம். குழந்தை உறங்கும்போது அலைவு சற்று நேரம் ஒடுங்குவதுண்டு. நெடுநேரம் ஒடுங்கியே இருந்தால் கவனம் வேண்டும். மூன்றாவது, வேக ஏற்றம். குழந்தை அசையும்போது துடிப்பு பதினைந்தளவு உயர்ந்து, பதினைந்து நொடிகளேனும் நின்று மீள்வது நல்ல குறி. நான்காவது, வேக இறக்கம்.

இந்த இறக்கத்தைப் படிக்கும்போதுதான் கீழ்க்கோடு இன்றியமையாததாகிறது. சுருக்கம் தொடங்கும்போது தொடங்கி, அது உச்சத்தை எட்டும்போது தானும் அடியை எட்டி, அதனுடனேயே மீளும் இறக்கம் பெரும்பாலும் குழந்தையின் தலை அழுந்துவதால் வருவது, அச்சம் தருவதன்று. சுருக்கம் உச்சத்தை அடைந்த பின் தொடங்கி, அது முடிந்த பின்னும் மீளாமல் தயங்கும் இறக்கம் வேறு; ஆக்சிஜன் போதவில்லை என்பதை அது உணர்த்தக்கூடும். வடிவிலும் நேரத்திலும் மாறி மாறி வரும் இறக்கம் கொடி நெரிபடுவதைக் காட்டலாம். மேற்கோட்டை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டினால் முதலிரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றக்கூடும். எந்த நேரத்தில் இறங்கியது என்பதே பொருளைத் தீர்மானிக்கிறது. அந்நேரத்தைச் சொல்வது கீழ்க்கோடு.

தமிழ் மாணவர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். மெய்யெழுத்து தனித்து இயங்குவதில்லை. உயிரோடு கூடியே உயிர்மெய்யாகிறது. இத்தாளில் உள்ள கோடுகளும் கூடி நின்றே பொருள் தருவன.

கருவி எப்போதும் உண்மையே பேசும் என்று எண்ணிவிடவும் கூடாது. வயிற்றில் கட்டிய பட்டை, சுருக்கம் எத்தனை முறை வருகிறது என்பதை நன்கு காட்டும். எவ்வளவு வலுவானது என்பதைச் சரிவரக் காட்டாது. பட்டையின் இறுக்கமும் தாயின் உடல்வாகும் அதை மாற்றிவிடும். வலுவை அறியக் கை வைத்துப் பார்ப்பதே எளிய வழி. துடிப்பைப் பதியும் பட்டையோ, சில வேளைகளில் குழந்தையை விட்டுத் தாயின் துடிப்பையே பற்றிக்கொள்ளும். தாளில் கோடு அழகாக ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் அது யாருடைய துடிப்பு? இதனால்தான் தாயின் மணிக்கட்டில் நாடி பிடித்து, இரண்டும் வேறு வேறுதானா என்று சரிபார்க்க வேண்டும் என்பது விதி.

சிங்கப்பூர் எழுப்பிய கேள்வி

கருவி வந்தது. எல்லாத் தாய்மார்க்கும் பேறுகாலம் முழுவதும் அதைக் கட்டிவைக்க வேண்டுமா? பேற்றறைகள் நிரம்பி வழிந்த ஊருக்கு இது ஏட்டுக் கேள்வியன்று. கருவிகளின் எண்ணிக்கை ஓரளவே, தாய்மார்களோ பலர். அவர்களுள் எவருடைய குழந்தையை இடைவிடாது கேட்க வேண்டும்?

இக்கேள்வியைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் மகப்பேற்று மருத்துவத் துறையினர் எடுத்துக்கொண்டனர். அத்துறைக்குப் பல்லாண்டுகள் தலைமை தாங்கியவர் பேராசிரியர் ரத்னம். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரைத் தம் களமாக்கிக்கொண்ட அவர், 1983இல் சிங்கப்பூரின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையை உலகுக்குத் தந்த குழுவின் தலைவர். அவருடன் பணியாற்றியவர்களுள் ஒருவர், அவரைப் போலவே இலங்கைத் தமிழரான அருள்குமரன். 1980களின் தொடக்கத்திலிருந்து 1997 வரை இங்குப் பணியாற்றிய அவர், பேறுகாலக் கண்காணிப்பையே தம் வாழ்நாள் ஆய்வாகக் கொண்டார். கருப்பையின் செயலளவை அளப்பது, ஆக்சிடோசினை எவ்வளவு, எப்போது தருவது ஆகியவை குறித்தும் அவர் இங்கிருந்தபோது விரிவாக ஆராய்ந்தார்.

சுவீடனைச் சேர்ந்த இங்கெமார்சனும் அருள்குமரனும் ரத்னமும் அவர்தம் குழுவினரும் 1986இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பேறுகால வலியுடன் மருத்துவமனைக்கு வந்த, ஆபத்துக் குறைந்தவர் என்று கருதப்பட்ட 1,041 தாய்மார்களுக்கு, வந்தவுடன் ஏறத்தாழ இருபது நிமிடங்கள் மட்டும் பதிவு எடுக்கப்பட்டது. சுருக்கம் என்பது இயற்கையே குழந்தைக்கு வைக்கும் தேர்வு. அத்தேர்வைக் குழந்தை எவ்வாறு எழுதுகிறது என்று முதலிலேயே பார்த்துவிடுவோம் என்பதே அதன் கருத்து. 982 பதிவுகள் நலமானவை, 49 ஐயத்துக்குரியவை, 10 கவலைக்குரியவை. நலமான பதிவு கொண்டோருள், பின்னர்க் குழந்தைக்கு மூச்சுத் தவிப்பு நேர்ந்தவர் நூற்றுக்கு ஒருவர் என்பதற்குச் சற்றே மேல். கவலைக்குரிய பதிவு கொண்டோருள் அது பத்துக்கு நான்கு.

அப்பத்துப் பேரும் வெளித்தோற்றத்தில் எந்தக் குறையும் இல்லாதவர்கள் என்று கருதப்பட்டவர்கள் என்பதை மறவாதீர்கள். இருபது நிமிடங்கள் பொறுமையாகக் கேட்டிராவிட்டால் அவர்கள் ஆயிரத்தில் கரைந்திருப்பார்கள்.

அருள்குமரன் பின்னர் இங்கிலாந்து சென்றார். அந்நாட்டின் அரசக் கல்லூரியான மகப்பேற்று, மகளிர் மருத்துவர் அமைப்புக்கு 2007 முதல் 2010 வரை தலைவரானார். 2009இல் சர் பட்டம் பெற்றார். 2012இலிருந்து 2015 வரை உலக மகப்பேற்று மருத்துவர் கூட்டமைப்புக்கும் தலைவராக விளங்கினார். பேறுகாலக் கண்காணிப்புக்கு அக்கூட்டமைப்பு 2015இல் வெளியிட்ட பொது நெறிகளை இன்று பல நாடுகள் பின்பற்றுகின்றன.

கருவியின் எல்லை

கதை இங்கே முடிந்திருந்தால் இனிமையாக இருக்கும். ஆனால் அறிவியல் தன் சொந்த நம்பிக்கைகளையும் சோதித்துப் பார்க்கிறது. அதுவே அதன் அறம்.

அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஏறத்தாழ 13,000 தாய்மார்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குத் தொடர் பதிவும், மற்றப் பிரிவினர்க்கு இடைவெளி விட்டுக் காதால் கேட்கும் முறையும் கையாண்டனர். 1985இல் முடிவுகள் வெளிவந்தன. பிறந்தபின் வலிப்புக் கண்ட குழந்தைகள் தொடர் பதிவுப் பிரிவில் 12, மற்றதில் 27. கருவிக்கு வெற்றி என்றே தோன்றியது. ஆனால் அக்குழந்தைகளை நான்கு வயதில் பார்த்தபோது, மூளை வாதத்துக்கு ஆளானவர் தொகை இரு பிரிவிலும் வேறுபடவில்லை. பின்னர் 37,000க்கும் மேற்பட்ட தாய்மார்களை உள்ளடக்கிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இதே நிலை: தொடர் பதிவால் வலிப்பு பாதியாகிறது, குழந்தை இறப்பிலும் மூளை வாதத்திலும் தெளிவான வேறுபாடு இல்லை, அறுவைவழிப் பேறு மட்டும் கூடுகிறது.

வந்தவுடன் எடுக்கும் இருபது நிமிடப் பதிவும் சோதிக்கப்பட்டது. டப்ளினில் எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் நடத்தப்பெற்று 2003இல் வெளிவந்த ஆய்வில், ஆபத்துக் குறைந்த தாய்மார்க்கு அப்பதிவால் குழந்தையின் நலனில் வேறுபாடு காணப்படவில்லை.

இதன் பொருள் என்ன? சிங்கப்பூர் ஆய்வு பொய்த்துவிட்டது என்பதன்று. அப்பதிவு ஆபத்தான குழந்தையை அடையாளம் காட்டுகிறது; ஆனால் கவனமாகக் காதால் கேட்கும் தாதி அருகில் இருக்குமிடத்தில், அவரும் அக்குழந்தையைக் கண்டுகொள்கிறார். எனவே நலமாயுள்ள தாய்க்கு இடைவெளி விட்டுக் கேட்பதே போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது: முதற்கட்டத்தில் பதினைந்து முதல் முப்பது நிமிடங்களுக்கு ஒரு முறை, குழந்தை வெளிவரும் கட்டத்தில் ஐந்து நிமிடங்களுக்கு ஒரு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடமேனும் கேட்க வேண்டும், சுருக்கத்தின்போது தொடங்கி, அது முடிந்த பின்னும் சற்று நேரம் தொடர வேண்டும். இரத்த அழுத்தம், நீரிழிவு, குழந்தையின் வளர்ச்சிக் குறைவு, ஆக்சிடோசின் தூண்டல் போன்ற காரணம் உள்ளோர்க்குத் தொடர் பதிவு வேண்டும்.

அறுவைவழிப் பேற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. சிங்கப்பூரின் இரண்டாம் அதிபராக விளங்கிய டாக்டர் பெஞ்சமின் ஷியர்ஸ், அதற்கு முன் கண்டாங் கெர்பாவில் மகப்பேற்று மருத்துவராக இருந்தவர். கருப்பையின் கீழ்ப்பகுதியைத் திறக்கும் பாதுகாப்பான அறுவை முறையை இந்நாட்டில் பரவச் செய்தவர். அம்முறையால் எண்ணற்ற தாய்மார் பிழைத்தனர். உரிய நேரத்தில் செய்யும் அறுவை உயிர் காக்கிறது. கோட்டைத் தவறாகப் படித்துச் செய்யும் அறுவை, ஒரு தாய்க்கு வேண்டாத தழும்பையும், அடுத்த பேற்றில் வேண்டாத இடரையும் தருகிறது. படிக்கத் தவறிச் செய்யாமல் விடும் அறுவையோ ஒரு குழந்தையின் வாழ்நாளையே பறிக்கிறது. இருபுறமும் இழப்பு உண்டு. நடுவில் நிற்பது படிப்பவரின் திறமை.

வலி என்னும் சொல், துடிப்பு என்னும் சொல்

இப்போது தொடக்கத்தில் ஒத்திவைத்த கேள்விக்கு வருகிறேன். இதில் மொழிக்கு என்ன வேலை?

பேறுகாலத்தில் கருப்பை சுருங்குவதை நாம் வலி என்கிறோம். வலி எடுத்துவிட்டது, வலி பத்து நிமிடத்துக்கு ஒன்று வருகிறது என்பதே வழக்கு. அழகான சொல், தமிழில் வலி என்பது நோவையும் குறிக்கும், வலிமையையும் குறிக்கும். தாய் படும் நோவும் குழந்தையை உந்தும் ஆற்றலும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. நம் பழஞ்சொல்லான வயா என்பதற்குப் பெருவேட்கை என்று தொல்காப்பியம் பொருள் கூறுகிறது. கருவுற்றவளின் வேட்கைக்கும் ஈனும் நோவுக்கும் பின்னர் அச்சொல் வழங்கியது. பேற்றைச் சொல்லும் நம் சொற்களில் நோவு தனியே நிற்பதில்லை.

ஆனால் இன்றைய பேற்றறையில் அவ்வழகு ஒரு சிக்கலைத் தரக்கூடும். முதுகில் ஊசி போட்டு நோவைத் தணிக்கும் முறையைப் பல தாய்மார் இன்று தேர்ந்துகொள்கின்றனர். நோவு மறைகிறது, சுருக்கம் தொடர்கிறது. அந்நிலையில் உள்ள தமிழ்த்தாயிடம், வலி இருக்கிறதா, அம்மா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வார். அவர் சொல்வது உண்மை. கேட்டவர் அறிய விரும்பியதோ வேறு. வயிறு இறுகுகிறதா என்று கேட்பது, அல்லது கை வைத்துப் பார்ப்பது, அங்கே சரியான வழி. சுருக்கத்துக்கு இறுக்கம் என்றும், அதன் உணர்வுக்கு நோவு என்றும் இரு சொற்களைப் பிரித்தாளும் பழக்கம் நமக்கு வேண்டும். இரண்டும் நம்மிடம் உள்ள சொற்களே. புதிதாகப் படைக்க வேண்டியதில்லை.

துடிப்பு என்பதும் அப்படியே. இதயம் துடிப்பதும் துடிப்பு. வேதனையில் துவள்வதும் துடிப்பு. குழந்தையின் துடிப்பு இறங்குகிறது என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் தாயிடம் சொன்னால், அத்தாயின் காதில் அது என்னவாக விழும்? குழந்தை கைவிட்டுப் போகிறது என்றே விழும். உண்மை நிலை அதுவாக இருக்க வேண்டியதில்லை. வயிறு இறுகும்போது குழந்தையின் இதயத் துடிப்பு சற்றுக் குறைந்தது. இறுக்கம் தளர்ந்ததும் பழையபடி ஆகிவிட்டது என்று சொன்னால் தாய் அமைதி பெறுவார். இறுக்கம் தளர்ந்த பின்னும் துடிப்பு மீளத் தாமதமாகிறது. ஆகையால் உங்களை இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வைக்கிறோம், மருந்தை நிறுத்துகிறோம், மருத்துவரை அழைக்கிறோம் என்று சொன்னால், அவர் நிலைமையை அறிந்து ஒத்துழைப்பார். அறுவைக்கு ஒப்புதல் கேட்கும்போதும், எதற்கு ஒப்புகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

இவ்விரு வாக்கியங்களையும் மீண்டும் எண்ணிப் பாருங்கள். இரண்டிலும் இறுக்கமும் துடிப்பும் சேர்ந்தே வருகின்றன. தாளில் இரு கோடுகளையும் சேர்த்துப் படித்தால்தான் பொருள் விளங்கும் என்றேன். தாயிடம் பேசும்போதும் அதுவே விதி. துடிப்பை மட்டும் சொல்லி இறுக்கத்தை விட்டுவிடும் வாக்கியம், பாதி வெட்டப்பட்ட தாளைப் போன்றது.

தமிழால் இது இயலுமா என்னும் ஐயம் வேண்டா. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தொடங்கினார். பின்னர்த் தமிழ் வழியாகவே மருத்துவர்களைப் பயிற்றுவித்தார். மான்செல் என்பவரின் மகப்பேற்று மருத்துவ நூல் அவர் முயற்சியால் 1857இலேயே தமிழில் அச்சேறியது. பினாரின் கொம்புக்கு முன்னரே, யாழ்ப்பாணத்து மாணவர் ஒருவர் பேறுகால மருத்துவத்தைத் தமிழில் பயின்றிருக்க முடியும். அதே யாழ்ப்பாண மண், ஒரு நூற்றாண்டுக்குப் பின், இத்துறையின் அறிஞர்களை இந்நகருக்கு அனுப்பியது. அவர்கள் ஆங்கிலத்தில் எழுதினார்கள். அது அறிவியலின் பொதுமொழி. ஆனால் பேற்றறையின் மொழி, படுக்கையில் இருக்கும் தாய் எதில் அஞ்சுகிறாளோ, எதில் ஆறுதல் அடைகிறாளோ, அந்த மொழிதான்.

ஆசிரியப் பெருமக்களே, உங்கள் வகுப்பில் இன்று உயிர்மெய் எழுத்தைப் பயிலும் மாணவி ஒருத்தி நாளை கேகேயில் தாதியாக நிற்கக்கூடும். ஊரிலிருந்து வந்து மகளின் பேற்றுக்குத் துணையிருக்கும் ஒரு மூதாட்டிக்கு அந்தக் கோடுகளை விளக்கும் பொறுப்பு அவளுக்கு வரக்கூடும். மாணவச் செல்வங்களே, உங்கள் அக்காவோ அண்ணியோ பேற்றறையில் இருக்கும்போது மொழிபெயர்க்கும் பணி உங்கள் தோளில் விழக்கூடும். அன்று கலைச்சொல் அகராதி உங்கள் கையில் இராது. வயிறு இறுகுகிறது, தளர்கிறது. துடிப்புக் குறைந்தது, மீண்டது. மீளவில்லை, ஆகையால் இதைச் செய்கிறோம் என்னும் எளிய தமிழ் போதும். அவற்றைச் சேர்த்துச் சொல்லுங்கள், முழுமையாகச் சொல்லுங்கள்.